நன்கொடையாளர்களுக்கு நன்றி சொல்வது: ஒரு சமூக இசைக்குழுவில் பல பருவ அனுபவம்

நான் ஒரு சமூக இசைக்குழுவில் வியோலா (வயலினை விடச் சற்றுப் பெரிய வாத்தியம்) வாசிக்கிறேன். எங்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆசிரியர்கள், செவிலியர்கள், கணக்காளர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் வேலை முடிந்ததும் வாத்தியப் பெட்டியோடு ஒத்திகைக்கு வந்துவிடுகிறோம். வாசிப்பவர்கள் இலவசமாக வாசித்தாலும் கச்சேரி இலவசமாக நடந்துவிடாது. அரங்க வாடகை, இசை நடத்துநருக்கான மதிப்பூதியம், காப்பீடு, டிம்பனி என்னும் பெரிய முரசுகளை ஏற்றி இறக்கும் வண்டி, காப்புரிமை முடியாத படைப்புகளுக்குப் பதிப்பகத்திடம் வாடகைக்கு எடுக்கும் இசைத்தாள்கள் என்று செலவு நீண்டுகொண்டே போகும். டிக்கெட் வருமானம் அதில் ஒரு பகுதிக்குத்தான் காணும். மிச்சத்தைத் தாங்குபவர்கள் நன்கொடையாளர்கள். அவர்களுக்கு நன்றி சொல்லும் பொறுப்பு பல கச்சேரிப் பருவங்களாக என்னிடம் இருக்கிறது. நாங்கள் கையாண்ட முறைகள் நாள்பட எப்படிப் பலன் தந்தன என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பரிசுப் பொருட்கள். குழுவின் சின்னம் பொறித்த குவளை, துணிப்பை, சாவிக்கொத்து எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். முதல் பருவத்தில் வாங்கியவர்கள் முகம் மலர்ந்தது உண்மை. இரண்டாவது குவளை வந்தபோது அந்த மலர்ச்சி இல்லை. நெடுநாளாக ஆதரிக்கும் ஒருவர் அதைத் திருப்பி அனுப்பி, உள்ளே ஒரு சீட்டும் வைத்திருந்தார்: "எனக்குக் குவளை வேண்டாம். இந்தப் பணத்தில் ஓபோ வாசிப்பவருக்கு ரீட் வாங்கிக் கொடுங்கள்." (ஓபோ ஒரு குழல் வாத்தியம்; ரீட் அதன் சீவாளி.) அவர் கோபத்தில் எழுதவில்லை. தான் கொடுத்த பணம் இசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறையில் எழுதினார். ஜார்ஜ் நியூமனும் ஜெரமி ஷென்னும் 2012இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அந்தச் சீட்டுதான் நினைவுக்கு வந்தது. நன்கொடை கொடுத்தால் பரிசு தருகிறோம் என்று முன்கூட்டியே அறிவித்தால், மக்கள் கொடுக்க முன்வரும் தொகை கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஆனால் பொருளே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பொருளாதார அறிஞர் ஆர்மின் ஃபால்க் சுவிட்சர்லாந்தின் சூரிச் வட்டாரத்தில் ஏறத்தாழ 10,000 பேருக்கு நன்கொடை கேட்டுக் கடிதங்கள் அனுப்பச் செய்து ஆராய்ந்தார். அந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. சிலருக்கு வெறும் கடிதம். சிலருக்குக் குழந்தைகள் வரைந்த ஓர் அஞ்சலட்டை. வேறு சிலருக்கு அத்தகைய நான்கு அட்டைகள். அட்டை எதுவும் பெறாதவர்களை விட ஓர் அட்டை பெற்றவர்களிடமிருந்து நன்கொடைகளின் எண்ணிக்கை 17 சதவீதம் கூடியது. நான்கு அட்டைகள் பெற்றவர்களிடம் 75 சதவீதம் கூடியது. குவளை எங்கே, குழந்தைகளின் ஓவியம் எங்கே? ஓவியம் எந்த நிபந்தனையும் இல்லாமல் வந்தது. யாருக்காகப் பணம் கேட்கப்படுகிறதோ அந்தப் பிள்ளைகளின் கையிலிருந்தே வந்தது. இதைப் பார்த்த பிறகுதான் இப்போது அனுப்பும் அட்டைக்கு வந்து சேர்ந்தோம். பருவத்தின் முக்கியப் படைப்பிலிருந்து, நடத்துநர் பென்சிலால் குறிப்புகள் எழுதிய ஒரு பக்கத்தை நகலெடுத்து அட்டையாக்குகிறோம். பின்புறம் ஒரு வாத்தியப் பகுதியினர் அனைவரும் கையெழுத்திடுகிறார்கள். அச்சுச் செலவு சொற்பம். போன வீடுகளில் அது சட்டம் போட்டு மாட்டப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். குவளைக்கு அந்த மரியாதை கிடைக்கவே இல்லை.

பரிசுப் பொருள் வரிக் கணக்கிலும் நுழைகிறது. அமெரிக்காவில் 75 டாலருக்கு மேல் கொடுத்தவருக்குப் பதிலாக மதிப்புள்ள ஒன்றைக் கொடுத்தால், அதன் மதிப்பு என்ன, வரிக்கழிவுக்கு உரிய தொகை எவ்வளவு என்று தொண்டு நிறுவனம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நாட்டுக்கு நாடு விதி வேறுபடும். எதையும் அறிவிக்கும் முன் ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது கடிதம். ரசீதையும் நன்றிக் கடிதத்தையும் ஒன்றாக்கிவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ரசீது கணக்குக்கு, அதில் தொகையும் தேதியும் இருந்தால் போதும். கடிதத்தில் தொகையைப் பற்றிய பேச்சே வேண்டாம். "தங்கள் தாராள உதவிக்கு மனமார்ந்த நன்றி" என்று ஆயிரம் பேருக்கும் பொருந்துகிற வரியை எழுதினால் அது யாருக்கும் பொருந்தாது. ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் முதல் சிம்பொனியை வாசித்த பருவத்தில், பாசூன் என்ற தாழ்சுரக் குழல் வாசிக்கும் எங்கள் குழுவினர் ஒருவர் எழுதிய கடிதத்தின் ஒரு பகுதி இது: "இந்த முறை கான்ட்ராபாசூன் வாசிப்பவரை வெளியிலிருந்து அழைக்க முடிந்ததற்கு நீங்கள்தான் காரணம். சிம்பொனி தொடங்கும்போது டிம்பனி ஒரே சுரத்தை விடாமல் அடிக்கும். அதற்கு அடியில் தரை அதிர்வதுபோல் ஒரு ஒலி கேட்கும். அதில் அவர் இருக்கிறார்." கான்ட்ராபாசூன் என்பது பாசூனை விடவும் தாழ்ந்த சுரம் ஒலிக்கும் பெரிய குழல். அந்தக் கடிதத்தைப் பெற்றவர் கச்சேரி முடிந்ததும் நேராக மேடைக்கு வந்து கான்ட்ராபாசூன் எது என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார். பணம் கைக்கு வந்த சில நாட்களுக்குள் முதல் கடிதம். அது செலவான பிறகு இப்படி ஒன்று. இரண்டாவது கடிதத்தைத்தான் பலரும் பத்திரப்படுத்துகிறார்கள்.

தொலைபேசியில் நன்றி சொல்வதைப் பற்றி நல்ல வார்த்தைகள் நிறையக் கேட்டிருப்பீர்கள். ஆன்யா சாமெக், சக் லாங்ஃபீல்ட் இருவரும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நன்கொடையாளர்களை வைத்து நடத்திய கள ஆய்வில், நன்றி அழைப்பு பெற்றவர்கள் மற்றவர்களை விட அடுத்த முறை அதிகம் கொடுக்கவில்லை. துறை வல்லுநர்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவு இது. எங்கள் சிறு குழுவின் அனுபவமும் இதற்கு ஒத்தே இருக்கிறது. அழைப்பதால் தொகை கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அழைக்கிறேன், வேறு காரணத்துக்காக. கச்சேரிக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒரு தம்பதியை அழைத்தபோதுதான் அரங்கின் படிக்கட்டு அவர்களுக்குத் தடையாக இருந்தது தெரிந்தது. சாய்தளம் உள்ள பக்கவாட்டு வாசலைத் திறந்துவைக்க ஏற்பாடு செய்தோம். மறுபடியும் வரத் தொடங்கினார்கள். அழைத்தால் பேசுவதை விடக் கேட்பதற்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

இனி, பெயர்கள். நிகழ்ச்சிக் கையேட்டில் பிளாட்டினம், தங்கம், வெள்ளி என்று படிநிலை பிரிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அதற்கு வலுவான காரணமும் உண்டு. நன்கொடையாளர் பெயர்களைத் தொகை வாரியாகப் பிரித்து வெளியிட்டால், பலர் ஒவ்வொரு படியின் குறைந்தபட்சத் தொகையில் வந்து குவிகிறார்கள் என்று வில்லியம் ஹார்பா 1998இலேயே காட்டினார். படியை எட்டுவதற்காகச் சிலர் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். தேவைக்கு மேல் கொடுப்பானேன் என்று சிலர் அந்தப் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். பெரிய இசைக்குழுக்களுக்கு இது ஒத்துவரலாம். எங்களைப் போன்ற குழுவில் நன்கொடையாளர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அடுத்தடுத்த இருக்கையில் அமரும் இருவரில் ஒருவர் தங்கம், மற்றவர் வெள்ளி என்று அச்சிட்டுக் கையில் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துக் கொடுப்பவரின் சிறு தொகை அவருக்குப் பெரிது. இப்போது எல்லாப் பெயரும் அகர வரிசையில் ஒரே பட்டியலில் வருகிறது. படிநிலையை எடுத்ததும் ஓரிருவர் தொகையைக் குறைத்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பட்டியல் நீளமானது. முதன்முறையாகக் கொடுப்பவர்கள் கூடினார்கள். எங்களுக்கு அதுவே பெரிய லாபம்.

பெயரை அச்சிடும் முன் அதன் எழுத்தை அவரவரிடமே சரிபார்த்துவிடுங்கள். பெயரே வேண்டாம் என்பவர்களும் உண்டு. அவர்களை வற்புறுத்தக் கூடாது. ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கிக்கு 1877 முதல் 1890 வரை பண உதவி செய்தவர் நதேழ்தா ஃபான் மெக் என்ற செல்வந்தப் பெண்மணி. ஆண்டுக்கு 6,000 ரூபிள் அனுப்பினார். நேரில் சந்திப்பதில்லை என்பது அவர்களுக்குள் இருந்த உடன்பாடு. நான்காவது சிம்பொனியை அவருக்குக் காணிக்கையாக்கியபோது சாய்கோவ்ஸ்கி அவர் பெயரைப் போடவில்லை. "என் மிகச் சிறந்த நண்பருக்கு" என்று மட்டும் எழுதினார். நன்றியைப் பெற்றவர் மனதுக்கு நிறைவு தரும் நன்றி அது. பெயர் வேண்டாம் என்பவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லி, வேறு ஏதாவது வரி போடலாமா என்று கேட்பேன். தந்தையின் நினைவாக ஓர் இசைத்தாள் தொகுப்பு வாங்கித் தந்த ஒருவர், ஒவ்வொரு தாளின் முதல் பக்கத்திலும் ஒட்டும் சீட்டில் "ரேடியோ கேட்டுக்கொண்டே தூங்கிப்போகும் அப்பாவுக்கு" என்று எழுதச் சொன்னார். அந்தப் படைப்பை எடுக்கும்போதெல்லாம் குழு முழுவதும் அந்த வரியைப் படிக்கிறது.

இத்தனையிலும் நாங்கள் கைவிடவே முடியாது என்று நான் நினைப்பது ஒத்திகை இருக்கை. நன்கொடையாளரை அரங்கில் உட்கார வைக்காமல், வாத்தியக்காரர்களுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோம். எந்தப் பகுதிக்குள் என்பதை அவரே தேர்ந்தெடுக்கலாம். தொகைக்கு ஏற்ற சலுகை இல்லை. எவ்வளவு கொடுத்தவருக்கும் உண்டு.

செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனியை ஒத்திகை பார்த்த மாலையில் ஒரு முதிய பெண்மணி என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். முதல் வயலின் பக்கம் வேண்டுமா என்று கேட்டதற்கு, "அது எனக்கு எப்போதும் கேட்கிறது, கேட்காத இடத்தில் உட்கார வையுங்கள்" என்றார். ஓபோ சுருதி கொடுத்தபோதே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். வாசிக்கத் தொடங்கியதும் மெட்டு தன்னிடம் இல்லை, எங்கோ எதிர்ப்பக்கத்தில் போகிறது என்பது அவருக்குப் புரிந்தது. எங்கள் தாளை எட்டிப் பார்த்து, ஓரிடத்தில் பென்சிலால் வரைந்திருந்த மூக்குக் கண்ணாடியைக் காட்டி என்னவென்று கேட்டார். அந்த இடத்தில் தலையை நிமிர்த்தி நடத்துநரைப் பார்க்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது என்றேன். அடுத்த முறை அந்தப் பக்கம் வந்தபோது எனக்கு முன்பே அவர் நிமிர்ந்தார். இடைவேளையில் தாள வாத்தியக்காரர் அவரிடம், இந்தச் சிம்பொனி முழுவதிலும் சிம்பல் என்னும் உலோகத் தட்டு ஒலிப்பது ஒரே ஒரு முறைதான், அதுவும் கடைசிப் பகுதியில் மெல்லத்தான் என்று சொன்னார். கச்சேரி நாளன்று தன் வரிசையில் இருந்த எல்லோரிடமும் அதைச் சொல்லி வைத்திருந்தாராம். அடுத்த பருவம் தன் தங்கையையும் நன்கொடையாளராகச் சேர்த்துவிட்டார்.

இசை உருவாகும் இடத்துக்கு அருகில் இருப்பவரே நிலைத்து நிற்கிறார் என்பதைப் பேத்தோவனின் வரலாற்றிலும் பார்க்கலாம். அவர் வியன்னாவை விட்டுப் போய்விடாதிருக்க 1809இல் ஆஸ்திரிய அரச குடும்பத்தைச் சேர்ந்த ஆர்ச்டியூக் ருடால்ஃப், இளவரசர் லோப்கோவிட்ஸ், இளவரசர் கின்ஸ்கி மூவரும் ஆண்டுக்கு 4,000 ஃபுளோரின் தர ஒப்பந்தம் செய்தார்கள். நாணய மதிப்பு சரிந்தது, கின்ஸ்கி 1812இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார், லோப்கோவிட்ஸ் பண நெருக்கடியில் சிக்கினார். கடைசிவரை நெருக்கமாக நின்றவர் ருடால்ஃப். அவர் பேத்தோவனிடம் பியானோவும் இசையமைப்பும் கற்ற மாணவர். இசை உருவாகும் இடத்திலேயே இருந்தவர். ஐந்தாம் பியானோ கான்செர்ட்டோவும் மிஸ்ஸா சொலெம்னிஸ் என்னும் வழிபாட்டு இசைப் படைப்பும் அவருக்குத்தான் காணிக்கையாக்கப்பட்டன.

ஒத்திகை இருக்கையிலும் சிரமங்கள் உண்டு. பித்தளை வாத்தியங்களுக்கு முன்னால் அமர்பவருக்குக் காதடைப்பான் அவசியம் கொடுக்க வேண்டும். நடத்துநரின் சம்மதம் முதலிலேயே வேண்டும். சில ஒத்திகைகளில் கடிந்துகொள்ளும் தேவை இருக்கும், அன்று விருந்தினர் இருந்தால் யாருக்கும் நிம்மதி இல்லை. கச்சேரிக்கு முந்தைய கடைசி ஒத்திகையைத் தவிர்த்து, அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாக அழைப்பதே தோது. அப்போதுதான் தட்டுத்தடுமாறிய இடம் கச்சேரியில் சீராகி வருவதையும் அவர்கள் உணர முடியும். பார்வையாளர் முன்னால் தவறுவதற்குக் கூச்சப்படும் வாத்தியக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நாற்காலி போடுவதில்லை.

இதையெல்லாம் ஒருவரே இழுத்துக்கொண்டு போக முடியாது. கடிதம், அட்டை, ஒத்திகை அழைப்பு மூன்றையும் இப்போது வாத்தியப் பகுதிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு பகுதிக்கும் சில நன்கொடையாளர்கள். அவர்களுக்கு எழுதுவதும் கச்சேரியன்று வாசலில் வரவேற்பதும் அந்தப் பகுதியின் வேலை. என் பங்கு, பட்டியலைச் சரியாக வைத்திருப்பதும் யாருக்கும் கடிதம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதும்தான். புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு நேரமும் ஆட்களும் குறைவாக இருந்தால் அட்டையைத் தள்ளிப்போடலாம், தொலைபேசியைத் தள்ளிப்போடலாம். பணம் என்ன ஆனது என்று சொல்லும் அந்த இரண்டாவது கடிதத்தையும் ஒத்திகையில் ஒரு நாற்காலியையும் முதல் பருவத்திலேயே தொடங்கிவிடுங்கள்.