காதிஷா பள்ளத்தாக்கு: விளிம்பில் நின்று பார்ப்பதா, இறங்கி நடப்பதா?

லெபனானின் வடக்கு மலையில் இருக்கும் காதிஷாவுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை பெய்ரூட்டில் இருந்து வேனில் காலையில் கிளம்பி, இரவே திரும்பினோம். அடுத்த தடவை பிஷர்ரி ஊரில் இரண்டு இரவு தங்கி, பள்ளத்தாக்குக்குள் இறங்கி நடந்தேன். ஒரே இடத்தைத்தான் இரண்டு தடவையும் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

‘காதிஷா’ என்பது சிரியாக் மொழிச் சொல். புனிதம் என்று பொருள். மார்த்தாண்டம் பக்கத்து மலங்கரைக் கத்தோலிக்கக் கோயில்களில் குர்பானா வழிபாட்டின்போது ‘கதீஷாத் ஆலோஹோ’ என்று பாடக் கேட்டவர்களுக்கு இது பழகிய சொல்லாகவே இருக்கும். லெபனானின் மாரோனைட் கிறிஸ்தவர்களும் சிரியாக் வழிபாட்டு மரபில் வந்தவர்கள்தான். பழைய துறவி மடங்கள் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கும், அதன் தலைமாட்டில் இருக்கும் கேதுரு மரக்காடும் சேர்ந்து 1998-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

ஒருநாள் பயணமா, தங்கிப் பார்ப்பதா?

பெய்ரூட்டில் இருந்து பிஷர்ரி ஏறத்தாழ 120 கிலோமீட்டர். கடைசிப் பகுதி முழுக்க மலைவளைவு. போகவர ஐந்து மணி நேரத்துக்கு மேல் வண்டியிலேயே கழிந்துவிடும். மிச்ச நேரத்தில் விளிம்புச் சாலையில் இரண்டு மூன்று இடங்களில் இறக்கிவிடுவார்கள். சிவப்பு ஓட்டு வீடுகளும் மணிக்கூண்டுகளும் பாறை விளிம்பில் தொற்றிக்கொண்டிருப்பதையும், கீழே கிடுகிடு பள்ளத்தையும் பார்க்கலாம். காட்சி என்னவோ அற்புதம்தான். ஆனால் மடங்கள் எங்கே என்று தேடினால் கண்ணில் படாது. பாறைக் குடைவுக்குள், அதே பாறையின் கல்லை அடுக்கிக் கட்டியவை அவை. மேலே நிற்பவன் கண்ணில் படக் கூடாது என்பதும் அப்படிக் கட்டியதற்கு ஒரு காரணம்.

ஒளிந்து வாழ வேண்டிய காலம் இந்த மலை மக்களுக்கு இருந்தது. 1283-இல் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் படை இந்த மலைக்குள் புகுந்தபோது ஹதத் ஊர் மக்கள் செங்குத்தான பாறையில் இருக்கும் ஆஸி குகைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். அங்கே இறந்தவர்களில் எட்டுப் பேரின் உடல்கள், குகையின் வறண்ட மண்ணில் கெடாமல் இருந்ததை 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குகை ஆய்வாளர்கள் தோண்டியெடுத்தார்கள். அதில் ஒன்று நான்கு மாதப் பெண் குழந்தை, போட்ட சட்டையோடு. பெய்ரூட் தேசிய அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் அவர்களைப் பார்க்கலாம். மலைக்குக் கிளம்பும் முன் அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். அதன்பிறகு இந்தப் பாறைச்சுவரைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும்.

எனவே தங்குவதே சரி. பெய்ரூட்டுக்குப் பதிலாக, லெபனானின் வடக்குக் கடலோர நகரமான திரிப்போலியில் இருந்து கிளம்பினால் தூரம் பாதிக்கும் குறைவு. சிற்றுந்துகளும் உண்டு.

கன்னூபீனா, குஸ்ஹாயாவா?

இந்த இரண்டு மடங்களுக்கும் நேரம் இருந்தால் இந்தக் கேள்வியே வராது. ஒன்றுதான் முடியும் என்றால் யோசிக்க வேண்டும்.

குஸ்ஹாயா என்பது புனித அந்தோணியார் மடம். வாசல் வரைக்கும் கார் போகும். வயதான பெற்றோரோடு வருகிறவர்களுக்கு இதுதான் தோது. கோயிலின் பாதி, மலைக்குகை. முகப்பை மட்டும் செதுக்கிக் கட்டியிருக்கிறார்கள். மடத்து அருங்காட்சியகத்தில் பழைய அச்சு இயந்திரம் இருக்கிறது. 1610-இல் இங்கே ஒரு திருப்பாடல் நூலை அச்சிட்டார்கள். ஒரு பத்தி சிரியாக். பக்கத்துப் பத்தி அரபு. அந்த அரபையும் சிரியாக் எழுத்திலேயே கோத்திருந்தார்கள். நம் ஊரில் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் போன்ற ஒரு வழக்கம் அது, ‘கர்ஷூனி’ என்பார்கள். தமிழ் எழுத்தில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது 1578-இல், அதாவது இதற்கு 32 ஆண்டுகள் முன்னால். அந்த இயந்திரத்தின் முன் நின்றபோது இந்தக் கணக்குத்தான் எனக்குள் ஓடியது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு குகை. மனநலம் குன்றியவர்களை ஒருகாலத்தில் கொண்டுவந்து சங்கிலியில் கட்டிப்போட்ட இடம். சங்கிலி தானாகக் கழன்றால் அந்தோணியார் குணமாக்கிவிட்டார் என்று நம்பினார்கள். இரும்புச் சங்கிலிகள் இன்னமும் அங்கே இருக்கின்றன. என்னால் அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை. 2001-இல் நம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப்போனார்கள். அதை மறந்துவிட்டு அந்தக் குகையைச் சுற்றுலா இடமாகப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போவது நல்லது.

கன்னூபீன் அப்படியே எதிர். கடைசித் தூரம் நடந்துதான் ஆக வேண்டும். பிஷர்ரிக்குக் கீழே பள்ளத்தாக்கின் அடிமட்டத்தில், மார் எலிஷா மடத்துப் பக்கத்தில் இருந்து பாதை தொடங்குகிறது. நிதானமாக நடப்பவருக்குப் போகவரப் பாதி நாளுக்கு மேல் ஆகும். ஆற்றுச் சத்தம் கூடவே வரும். வால்நட், அத்தி, திராட்சைக் கொடி, கற்சுவர் வைத்துப் படிப்படியாகக் கட்டிய வயல்கள். உழைத்துத்தான் அந்தத் துறவிகள் சாப்பிட்டார்கள் என்பது, சொல்லாமலே அந்தச் சுவர்களைப் பார்த்தால் தெரியும்.

‘கொய்னோபியோன்’ என்ற கிரேக்கச் சொல்தான் கன்னூபீன் ஆயிற்று. துறவிகள் கூடி வாழும் மடம் என்று அர்த்தம். பதினைந்தாம் நூற்றாண்டு நடுவில் இருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கம் வரைக்கும் மாரோனைட் முதுபெரும் தந்தையர் இங்கிருந்துதான் சபையை நடத்தினார்கள். ஒரு சபையின் தலைமைப் பீடம் என்றால் நமக்குப் பேராலயம் நினைவுக்கு வரும். இங்கே இருப்பது நான்கைந்து அறை, ஒரு சின்னக் குகைக்கோயில், சுவரில் மரியன்னைக்கு முடிசூட்டும் ஓவியம், அதன் கீழே மண்டியிட்ட முதுபெரும் தந்தையர். பக்கத்திலேயே புனித மரீனாவின் குகை. ஆண்வேடத்தில் துறவியாக வாழ்ந்தவள். ஒரு பெண்ணைக் கெடுத்ததாகப் பழி வந்தபோதும் வாய்திறக்காமல், அந்தக் குழந்தையையும் தானே வளர்த்தாள். செத்த பிறகுதான் பெண் என்று தெரிந்தது என்பது கதை. முதுபெரும் தந்தையர் பலரை அந்தக் குகையில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

முழங்கால் ஒத்துழைத்தால் கன்னூபீன்தான் என் தேர்வு. இறங்குவது சுலபம், ஏறுவதுதான் சோதனை. அதனால் காலை எட்டு மணிக்குள் நடக்கத் தொடங்கிவிடுங்கள்.

எந்தக் காடு?

நம் விவிலியத்தில் ‘லீபனோனின் கேதுரு’ என்று படித்தது இந்த மரத்தைத்தான். பிஷர்ரிக்கு மேலே, கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோப்புக்கு உள்ளூர்ப் பெயர் ‘அர்ஸ் எர்-ரப்’, கடவுளின் கேதுரு. இமயத்தில் இதன் பங்காளி மரத்துக்கு நாம் வைத்த பெயர் தேவதாரு. இரண்டு மலைக்காரர்களும் தனித்தனியே ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள்!

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: இது பெருங்காடு இல்லை. பழைய மரங்கள் நானூறுக்கும் குறைவு. ஆடுகள் கன்றுகளை மேய்ந்துவிடாமல் இருக்க 1876-இல் விக்டோரியா மகாராணியின் பணத்தில் கட்டிய கற்சுவர் தோப்பைச் சுற்றி நிற்கிறது. அரை மணியில் சுற்றிவந்துவிட்டு “இவ்வளவுதானா” என்று கேட்டவர்களை என் காதாலேயே கேட்டேன். அவசரப்படாமல் ஒரு மரத்தின் கீழே நின்று பாருங்கள். கிளைகள் பாய் விரித்தாற்போல் தட்டுத்தட்டாகப் படுத்திருக்கும். காய்கள் தொங்காது, கிளைமேல் முட்டை வைத்தாற்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். முற்றினால் மரத்திலேயே செதில்செதிலாக உதிரும். ஆயிரம் ஆண்டைத் தாண்டியவை என்று சொல்லப்படும் அடிமரங்கள் இங்கேதான்.

காட்டுக்குள் நடக்க வேண்டும் என்றால் எஹ்தென் காப்புக்காட்டுக்குப் போங்கள். 1992-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. கேதுருவோடு ஃபிர், ஜூனிப்பர், ஓக் எல்லாம் கலந்து நிற்கும். நிழல் உண்டு, கூட்டம் குறைவு. தன்னூரீனில் கேதுரு இன்னும் அடர்த்தி. பாறைச்சரிவில் நெருக்கியடித்து நிற்கின்றன. 1990-களில் இலையைத் தின்னும் ஒரு குளவியினப் பூச்சி அங்கே பரவி மரங்களை வாட்டியது. அறிவியலுக்கே புதிய பூச்சி என்பதால் ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். தெற்கே ஷூஃப் மலையில் பெரிய கேதுரு காடு உண்டு, பெய்ரூட்டுக்கும் கிட்டம். மடங்களில் நாட்டம் இல்லாதவர்களுக்கு அது போதும்.

நேரம் குறைவு என்றால் முதுமரங்களுக்காக அர்ஸ். அரை நாள் மிச்சமிருந்தால் கூடவே எஹ்தென்.

தங்கும் ஊர், மாதம், கடவுச்சீட்டு

எஹ்தெனில் சதுக்கத்துச் சாப்பாடு நன்றாக இருக்கும், கோடையில் ஊரே திருவிழா போல் இருக்கும், குளிர்காலத்தில் காலியாகிவிடும். பிஷர்ரி ஆண்டு முழுக்க ஆள் வாழும் ஊர். பள்ளத்தாக்குக்கும் காட்டுக்கும் நடுவில் இருப்பதால் எனக்கு அதுவே பிடித்தது. கவிஞர் கலீல் ஜிப்ரான் பிறந்ததும், அடக்கமானதும் அங்கேதான். சைவம் சாப்பிடுகிறவர்கள் மூஜத்தரா என்று கேளுங்கள்: பருப்பும் அரிசியும் சேர்த்து வேகவைத்து, மேலே கருக வதக்கிய வெங்காயம் போட்டுத் தருவார்கள்.

திருநாட்டுப் பயணம் போய்வந்தவர்கள் கவனிக்க: இஸ்ரேல் போன தடயம் கடவுச்சீட்டில் இருந்தால் லெபனானுக்குள் விடமாட்டார்கள். எகிப்து, ஜோர்தான் எல்லைச் சாவடிகளின் முத்திரையை வைத்தும் கண்டுபிடித்துவிடுவார்கள். நாட்டு நிலவரம் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் போடும் முன் இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள்.

மாதத்தில் மே, அல்லது செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர். மே மாதத்தில் பனி உருகிப் பாறைச்சுவர் முழுக்க அருவி இறங்கும். கீழே வியர்க்க வியர்க்க நடந்துவிட்டு மறுநாள் மேலே போனால், கேதுருக்களின் அடியில் இன்னும் பனித்திட்டு கிடக்கும். அக்டோபரில் அருவிகள் வற்றியிருக்கும், ஆனால் பிஷர்ரி தோட்டங்களில் ஆப்பிள் பறித்துக்கொண்டிருப்பார்கள்.