தளவிளைவை உணரும் ஏடுகள்: கருப்பு பாஸ்பரஸா, ரீனியம் டைசல்ஃபைடா, டெல்லூரியமா?

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் சாயும் வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசும்போது, படம் எடுப்பவர்கள் லென்ஸில் மாட்டிய தளவிளைவுத் தகட்டை, அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டியை, சற்றே திருகுவார்கள். கூச்சம் அடங்கி நாரை தெளிவாகத் தெரியும். தண்ணீரில் எதிரொளிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைவாக்கில் அதிர்வதுதான் காரணம். செங்குத்திலிருந்து 53 பாகைச் சாய்வில் விழுந்தால் முழுக்கவே அப்படித்தான். ஒளியின் இந்த அதிர்வுத் திசையை, அதாவது தளவிளைவை, தகடு இல்லாமல் ஒளி உணரியே பிரித்தறியுமா? சிலிக்கானால் முடியாது. அதன் கனசதுரப் படிகத்துக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான். பத்தமடைப் பாயில் கோரை ஒரு போக்கு, நூல் இன்னொரு போக்கு என்று இருப்பதுபோல, திசைக்கொரு குணம் கொண்ட படிகம் வேண்டும்.

இதில் பெரிய பெயர் கருப்பு பாஸ்பரஸ். இயற்பியலாளர் பிரிட்ஜ்மன் 1914-லேயே உயர் அழுத்தத்தில் இதை உருவாக்கிவிட்டார். சில அணு அடுக்குகளே கொண்ட மெல்லிய ஏடாக டிரான்சிஸ்டர் ஆனது 2014-ல்தான். இதன் அணு அடுக்கு மடிப்பு மடிப்பாக இருக்கும். மடிப்புக்குக் குறுக்கே அதிரும் ஒளியை நன்றாக உறிஞ்சும், நெடுக அதிர்வதைக் குறைவாக. எலக்ட்ரானைக் கிளப்ப ஒளிக்குக் குறைந்தது இருக்க வேண்டிய ஆற்றலை ஆற்றல் இடைவெளி என்பார்கள்; தடித்த ஏட்டில் அது சுமார் 0.3 எலக்ட்ரான் வோல்ட். ஆகவே அகச்சிவப்பில் ஏறத்தாழ 4 மைக்ரான் வரை பார்க்கும். அடுக்குகள் குறையக் குறைய இடைவெளி கூடும். எல்லாம் சரி, காற்றில் நிற்காதே! ஆக்சிஜன், ஈரம், வெளிச்சம் மூன்றும் சேர்ந்தால் அரித்துவிடும். ஐப்பசி மழையில் குளோவ் பாக்ஸ் (காற்றுப் புகாத, கையுறை பொருத்திய பெட்டி) இல்லாத லேபில் இதைத் தொடவே வேண்டாம்.

ரீனியம் டைசல்ஃபைடு அப்படியே எதிர். காற்றில் சாதுவாகக் கிடக்கும். இடைவெளி சுமார் 1.5 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதையொட்டிய அகச்சிவப்பில் கொஞ்சமும்தான் எட்டும். அடுக்குகளுக்கிடையே பிணைப்பு பலவீனம். அதனால் பல அடுக்கு ஏடும் ஒற்றை அடுக்கைப்போலவே நடந்துகொள்ளும்; ஒற்றை அடுக்குக்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ரீனியம் அணுக்கள் சங்கிலியாக ஓடும் திசையில் ஏடு நேர்க்கோடாக உடைவதால், மைக்ரோஸ்கோப்பிலேயே திசையை ஊகித்துவிடலாம். குறை, மின்னூட்டங்கள் படிகக் குறைபாடுகளில் சிக்கி உணரி மந்தமாவது.

டெல்லூரியம் நடுவில் நிற்கிறது. சுருள் சங்கிலிகளால் ஆன படிகம், சுமார் 0.35 எலக்ட்ரான் வோல்ட், காற்றையும் தாங்கும், கரைசலிலேயே வளர்க்கலாம். ஆனால் இடைவெளி சிறியதென்றால் வெப்பமே எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும். நம்மூர் அக்கினி வெயிலில் ஒளியே படாதபோதும் ஓடும் இருள் மின்னோட்டம் ஏறும். கருப்பு பாஸ்பரஸுக்கும் இதே தொல்லை உண்டு.

பாளையங்கோட்டைக் கல்லூரியிலோ அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்திலோ எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு என்றால் ரீனியம் டைசல்ஃபைடையே எடுங்கள். அகச்சிவப்பு கட்டாயம் என்றால் டெல்லூரியம். எதை எடுத்தாலும் கட்டுரைகளில் வரும் தளவிளைவு விகிதத்தை, அதாவது ஒரு திசை ஒளிக்கு இன்னொரு திசையைவிட எத்தனை மடங்கு மின்னோட்டம் என்ற எண்ணை, அப்படியே நம்ப வேண்டாம். படிகத்தால் இல்லாமல், உலோக மின்முனையின் விளிம்பாலேயே திசை வேறுபாடு தெரிந்துவிடும்; 2015-ல் கருப்பு பாஸ்பரஸில் வளைய வடிவ மின்முனை வைத்தது அதைத் தவிர்க்கத்தான்.

நாரையைப் படமெடுக்க மட்டும் என்றால் இவை எதுவும் இப்போதைக்கு வேண்டாம். சிலிக்கான்மேல் நான்கு திசைகளில் நுண்கம்பி வலை பதித்த சோனி உணரி கடையிலேயே கிடைக்கிறது.