பாதியில் விட்டதே வழிகாட்டி: பெங்களூரில் நமக்கேற்ற மங்கா தேடுவது

'ஆக்‌ஷன் பிடிக்கும், திரில்லர் பிடிக்கும்' என்று மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) தேடினால் ஆயிரம் தொடர் வந்து விழும், ஒன்றும் ஒட்டாது. பிடித்ததைவிட, பாதியில் மூடி வைத்தவைதான் ருசியைத் துல்லியமாகக் காட்டும். அப்படி விட்ட ஐந்து தொடர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் போடுங்கள்: ஒரே சண்டை பத்து அத்தியாயம் நீண்டதா, பக்கம் நெரிசலா, ஜோக் ஒட்டவில்லையா. ஒரே காரணம் மூன்று முறை வந்தால் அதுதான் உங்கள் வடிகட்டி.

சந்தா கட்டி சிவகாசியிலிருந்து லயன்-முத்து காமிக்ஸ் (பெரும்பாலும் ஐரோப்பியக் கதைகளின் தமிழ்ப் பதிப்பு) பார்சல் வாங்கும் வாசகர் மங்காவுக்கு வந்ததும் சொல்லும் முதல் குறை, "பத்துப் பக்கம் போச்சு, ஒண்ணுமே நடக்கலையே!" நியாயம்தான். ஐரோப்பிய ஆல்பம் 46 பக்கத்துக்குள் கதையை முடிக்க வேண்டியது. கட்டத்துக்குக் கட்டம் சேதி இருக்கும். மங்கா ஒரு பாகமே ஏறக்குறைய 200 பக்கம். ஒரு பார்வைக்கு ஒரு பக்கம் செலவழிக்கும். வேகமாகப் புரட்டத்தான் அந்த அமைப்பு. வலமிருந்து இடமாகப் படிப்பது இரண்டே நாளில் பழகிவிடும். இந்த வேகம் பழகத்தான் நாளாகும்.

பழைய லயன்-முத்து ருசியிலிருந்தே பாலம் போடலாம். 'இரத்தப் படல'த்தில் பிடித்தது துப்பாக்கியா, தான் யாரென்று தெரியாதவனின் தேடலா? தேடல் என்றால் நவோகி உரசாவாவின் 'மான்ஸ்டர்': 18 பாகம், ஆங்கில மறுபதிப்பில் 9 தொகுதி. கேப்டன் டைகரின் ஓவியத்துக்காகவே பக்கம் திருப்புகிறவருக்கு டகேஹிகோ இனோவேயின் 'வாகபாண்ட்'. ஆனால் 37 பாகத்தோடு 2015 முதல் நின்றுகிடக்கிறது; முடிவு தெரியாவிட்டால் தூக்கம் வராதவர்கள் தொட வேண்டாம். நகைச்சுவைதான் சிக்கல். லக்கி லூக்கில் பாதிச் சிரிப்பு தமிழ் வசனத்தில் இருக்கிறது. ஜப்பானியச் சிலேடை ஆங்கிலம் வழியாக வரும்போது சப்பென்று ஆகிவிடும். முகபாவத்திலேயே சிரிக்க வைப்பதாகத் தேர்ந்தெடுங்கள்.

ஷோனென் (சிறுவர்), செய்னென் (வளர்ந்த ஆண்கள்) என்பவை கதை வகை அல்ல; எந்த வயதினருக்கான இதழில் வந்தது என்ற முத்திரை, அவ்வளவே. கொலையும் சூழ்ச்சியுமான 'டெத் நோட்' வந்தது சிறுவர் இதழான ஷோனென் ஜம்ப்பில்.

தேட ஆனிலிஸ்ட் இணையதளம் நல்ல கருவி. ஒவ்வொரு தொடருக்கும் டேக் (கதையில் என்ன இருக்கிறது என்று சொல்லும் குறிச்சொல்), பக்கத்தில் அது எவ்வளவு பொருந்தும் என்ற சதவீதம் இருக்கும். மேலே உள்ள நான்கைந்தை மட்டும் நம்புங்கள். 30-க்குக் கீழே இருப்பது கதையில் ஓரமாக வந்துபோகும் விஷயம். தேடலில் டேக்கை ஒருமுறை அழுத்தினால் அது உள்ள தொடர்கள் மட்டும் வரும், மறுமுறை அழுத்தினால் அவை விலக்கப்படும். உங்கள் வடிகட்டியை இங்கே போடுங்கள். மறைத்து வைத்த டேக்கைத் திறக்காதீர்கள், முடிச்சு அவிழ்ந்துவிடும். மைஅனிமேலிஸ்ட் என்ற இன்னொரு தளத்தில் மதிப்பெண்ணை விடுங்கள்: பிடிக்காதவர் பாதியில் போய்விட, கடைசிவரை வந்த ரசிகர்கள் போடுவதால் நீண்ட தொடருக்கு எண் ஏறித்தான் இருக்கும். அங்கே பயன்படுவது பரிந்துரைப் பகுதி. இது பிடித்தால் அது ஏன் பிடிக்கும் என்று காரணம் எழுதியிருப்பார்கள்.

முதல் அத்தியாயத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வார இதழ்த் தொடரில் அது வழக்கமான 19 பக்கத்தைவிட நீளமாக, வாசகரை இழுக்கவென்றே செய்தது. வாசகர் வாக்கு குறைந்தால் தொடரின் திசையே மாறும். 'ரீபார்ன்' காமெடியாகத் தொடங்கிச் சண்டைத் தொடரானது. ஒரு பாகம் முழுதும் படித்துவிட்டு, நடுவிலிருந்து ஓர் அத்தியாயம் பாருங்கள்.

இதற்கு மங்கா பிளஸ் என்ற ஆன்லைன் வாசிப்புத் தளம் போதும். இணையதளத்தில் முதல் மூன்று அத்தியாயமும் கடைசி மூன்றும் இலவசம். செயலியில் பெரும்பாலான தொடர்களை ஒருமுறை இலவசமாகப் படிக்கலாம். ஷுஎய்ஷா பதிப்பகத்தின் தொடர்கள் மட்டுமே உண்டு. 'மான்ஸ்டர்' அங்கே கிடைக்காது.

பிறகு சர்ச் ஸ்ட்ரீட். பிளாசம், புக்வோர்ம் என்ற இரண்டு புத்தகக் கடைகளும் நடக்கிற தூரம்தான். பிளாஸ்டிக் உறை போட்ட பாகத்தைக் கடையில் பிரிக்க முடியாது, அதனால் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். பழைய புத்தகத்தில் 1, 2, 5 என்று இடைவெளியோடு கிடைத்தால், 3, 4 இன்னும் அச்சில் இருக்கிறதா என்று போனில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நடைபாதையில் பாதி விலைக்கு வருவது பெரும்பாலும் கள்ளப் பதிப்பு: சாம்பல் நிற நிழலில் அலை அலையாகக் கோடு ஓடும், உள்பக்க வசனம் தையலுக்குள் போய்விடும்.