பரணில் கிடந்த டிரக்கும் புதிய பேரிங்குகளும்

தமியா நிறுவனம் 1987-இல் வெளியிட்ட மிட்நைட் பம்ப்கின் என்னும் ரிமோட்டில் ஓடும் பொம்மை டிரக் எங்கள் பரணில் பல ஆண்டுகள் கிடந்தது. அதை மகளும் நானும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்துப் பூட்டினோம். இந்த மதிப்புரை, அதற்காக இணையக் கடையொன்றில் வாங்கிய பால் பேரிங் (சக்கரம் எளிதாகச் சுழல உதவும், உள்ளே சிறு குண்டுகள் கொண்ட வளையம்) தொகுப்பைப் பற்றியது.

வெளிவிட்டம் 11 மி.மீ., உள்விட்டம் 5 மி.மீ. கொண்ட இவை, மணல் புகுந்து தேய்ந்திருந்த பழைய பிளாஸ்டிக் புஷ்களின் (அச்சைத் தாங்கும் சாதாரண வளையங்கள்) இடத்தில் விரலால் அழுத்தியதுமே கச்சிதமாக உட்கார்ந்தன. முன்பு ஆடி ஆடி இரண்டு சுற்றில் நின்றுவிடும் முன்சக்கரம், இப்போது சுண்டிவிட்டால் மகள் இருபது வரை எண்ணும்வரை சுழல்கிறது.

ஒரு பேரிங் மட்டும் கையில் சுழற்றும்போதே கரகரத்தது. புகைப்படம் அனுப்பியதும் மாற்றுத் தந்தார்கள் என்றாலும், அது வந்து சேரப் பன்னிரண்டு நாளாயிற்று. இலவசமாக வைத்திருந்த ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே வேண்டாம்: இந்த டிரக்கில் உள்ள ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தொழில்துறைத் தரம்) திருகுகளில் அது வழுக்கித் தலையை மழுக்கிவிடுகிறது (எங்களுக்கு இரண்டு திருகுகள் போயின). அதற்குரிய டிரைவரைத் தனியே வாங்கிக்கொள்பவர்களுக்கு இந்தத் தொகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.