பாங்காக் போகிறவர்கள் கவனத்துக்கு: 30,000 பாத் போச்சு

30,000 பாத். நம்ம ரூபாயில் முக்கால் லட்சத்துக்கு மேல். பாங்காக்கில் ஒரு ரத்தினக்கல் கடையில் எங்களிடம் கறந்த தொகை. ஊருக்கு வந்து பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, எரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பாங்காக்கின் பெரிய அரண்மனை (Grand Palace) மதிலோரம் நடந்துகொண்டிருந்தோம். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஏதோ அட்டை, ஒருவர் வந்து கும்பிட்டார். "இன்று பெரிய புத்தர் பண்டிகை, உள்ளே பிக்குகள் பிரார்த்தனை, மதியம் 1 மணிக்கு மேல்தான் விடுவார்கள்" என்றார். நான் துப்பட்டாவால் தோளை மூடியிருந்ததைப் பார்த்து, எங்கள் வழக்கம் தெரிந்து வந்திருக்கிறீர்களே என்று பாராட்டு வேறு. அப்புறம் பாடமே நடத்தினார். பெரியவர்களைக் கும்பிடும்போது கட்டைவிரல் மூக்கு நுனிக்கு வர வேண்டும், பிக்குவுக்குப் புருவ மத்திக்கு. சன்னதியில் உட்கார்ந்தால் பாதம் புத்தர் பக்கம் நீளக் கூடாது. பெண்கள் பிக்குவின் கையில் நேராக எதையும் கொடுக்காமல், அவர் விரிக்கும் துணியில் வைக்க வேண்டும். குழந்தையானாலும் தலையைத் தொடாதீர்கள்.

இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் வயிறு எரிகிறது! இவ்வளவு பயபக்தியாகப் பேசுகிறவர் அரண்மனை விஷயத்தில் மட்டும் புளுகுவார் என்று யாருக்குத் தோன்றும்? விசாகம் மாதிரியான அவர்களுடைய பெரிய புத்தர் பண்டிகைகள் பௌர்ணமியில் வருபவை. அன்று பௌர்ணமியே கிடையாது.

அவரே டுக்-டுக் (நம்ம ஆட்டோ மாதிரி) பிடித்துக் கொடுத்தார், ஊர் சுற்ற 40 பாத்தாம். முதலில் ஒரு சின்னக் கோயில். அங்கே தற்செயலாக உட்கார்ந்திருந்த இன்னொருவர், மகள் கல்யாணத்துக்கு நீலக்கல் வாங்கியதாகவும், அரசாங்கமே வரியில்லாமல் விற்பது இன்றோடு முடிவதாகவும் சொன்னார். தற்செயலாம்! அடுத்து டுக்-டுக் நின்றது அந்த ரத்தினக்கல் கடை வாசலில். வாசலில் புத்தர், சுவரில் மன்னர் படம், கையில் டீ. சந்தாபுரி (ரத்தினக்கல்லுக்குப் பேர்போன தாய்லாந்து ஊர்) நீலம், ஊரில் விற்றால் இரட்டிப்பு விலை என்றார்கள். என் வீட்டுக்காரர் கார்டைத் தேய்த்தார். 30,000.

இங்கே தெரிந்த நகைக்கடையில் காட்டினோம். கல் அசல்தான், தரம் மட்டம், கால்வாசி விலைகூடப் பெறாது என்றார்கள். கடைக்குப் போன் போட்டால் மேனேஜர் வெளியே போயிருக்கிறார். மறுபடி போட்டால், "நேரில் கொண்டு வாருங்கள், பார்க்கலாம்." இதற்காக மறுபடி விமானம் ஏறணுமா? அப்புறம் எடுப்பதே இல்லை. கார்டு கொடுத்த வங்கியோ, நீங்களே பின் நம்பர் போட்டிருக்கிறீர்களே என்கிறது.

விவரமாக யோசனை சொல்லத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அரண்மனை மூடியிருக்கிறது என்று தெருவில் யார் சொன்னாலும் டிக்கெட் கவுன்ட்டர் வரை நடந்து போய்ப் பாருங்கள். காலை 8.30க்குத் திறப்பார்கள், டிக்கெட் 500 பாத். ஊர் சுற்றிக் காட்ட 40 பாத் கேட்கிற டுக்-டுக்கில் ஏறாதீர்கள், பெட்ரோலுக்கே கட்டாது, மீதி கடைக் கமிஷன். அரசாங்கக் கல் விற்பனை என்று ஒன்று கிடையவே கிடையாது. மாட்டிக்கொண்டால் அந்த ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் சுற்றுலா போலீஸுக்கு 1155இல் கூப்பிடுங்கள்.

வங்கியில் இருந்து போன் வருகிறது. 30,000 பாத்துங்க!