மானிட்டரிங் ஏஜெண்டுக்கு முன்னுரிமை: லினக்ஸ், விண்டோஸ், மேக்ஓஎஸ் எது தேறுகிறது?

சர்வர் திணறும் நேரத்தில்தான் மானிட்டரிங் கிராஃபில் ஓட்டை விழும். சிபியு கிடைக்காமல் ஏஜெண்டும், அதாவது சர்வரின் நிலையை அளந்து அனுப்பும் சின்ன புரோகிராமும், வரிசையில் நிற்கிறது. இதைச் சரிசெய்ய இயங்குதளங்களோடு வரும் வசதிகளில் லினக்ஸுக்குத்தான் முதலிடம்.

லினக்ஸில் ப்ராசஸின் சிபியு முன்னுரிமையைக் குறிக்கும் நைஸ் மதிப்பு -20 முதல் 19 வரை. எண் குறையக் குறைய முன்னுரிமை கூடும். ஏஜெண்டுக்கு -5 தாராளம். ஓடும் ப்ராசஸின் நைஸை மாற்றும் 'ரீநைஸ்' கட்டளை போட்டால், ஏஜெண்ட் ரீஸ்டார்ட் ஆனதும் போச்சு. 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கட்டளை மூலம் ஏஜெண்டின் அமைப்புக் கோப்பில் சர்வீஸ் பகுதியில் 'நைஸ்=-5' எழுதி ரீஸ்டார்ட் செய்தால் நிலைக்கும். அப்படியும் பலன் தெரியவில்லையா? ப்ராசஸ்களைக் குழுக்களாகப் பிரித்து வளங்களைப் பங்கிடும் சிகுரூப்பில் சிபியு கட்டுப்பாடு இயங்கினால், நைஸ் அந்தந்தக் குழுவுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். அப்போது அந்தக் குழுவின் சிபியு பங்கைத் தீர்மானிக்கும் 'சிபியுவெயிட்' மதிப்பைத்தான் ஏற்ற வேண்டும். இயல்பாக 100, அதை 300 ஆக்கலாம்.

ஏஜெண்ட் கிளப்பும் ஸ்கிரிப்ட்களுக்கும் அதே -5 ஒட்டிக்கொள்ளும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கனமான ஸ்கிரிப்ட் ஒன்று போதும், டேட்டாபேஸின் சிபியுவைப் பிடுங்கிவிடும். அதன் முன்னால் 'நைஸ் -என் 10' சேர்த்தால் கூட்டிக் கழித்து 5-இல் ஓடும். டிஸ்க்கோ மெமரியோ நெருக்கடி என்றால் நைஸ் உதவாது. மெமரி தீரும்போது ஏஜெண்ட் பலியாகாமலிருக்க அதே சர்வீஸ் பகுதியில் 'ஓஓஎம்ஸ்கோர்அட்ஜஸ்ட்=-500' தனியாக வேண்டும்.

விண்டோஸில் முன்னுரிமைக்கு ஆறு நிலைகள். டாஸ்க் மேனேஜரில் மாற்றுவது சோதனைக்கு மட்டுமே, ப்ராசஸ் முடிந்ததும் மறந்துவிடும். நிலையாக வைக்க, ரெஜிஸ்ட்ரியின் 'இமேஜ் ஃபைல் எக்ஸிக்யூஷன் ஆப்ஷன்ஸ்' கீழ் ஏஜெண்டின் கோப்புப் பெயரில் ஒரு கீ, அதற்குள் 'பெர்ஃப்ஆப்ஷன்ஸ்' கீ, அதில் 'சிபியுப்ரயாரிட்டிகிளாஸ்' என்ற டிவேர்ட் (எண் வகை) மதிப்பு 6. இது அபவ் நார்மல், அதாவது சாதாரணத்தைவிட ஒரு படி மேல். உச்ச நிலையான ரியல்டைம் பக்கமே போகாதீர்கள், மவுஸ்கூட உறைந்துபோகலாம். டாஸ்க் ஷெட்யூலர் வழியாக ஓட்டுபவர்களுக்கு வேறொரு தொல்லை: அங்கே எண் வரிசையே வேறு, இயல்பான மதிப்பு 7, அதாவது பிலோ நார்மல் (சாதாரணத்தைவிடக் கீழ்). திரையில் மாற்ற இடமே கிடையாது. டாஸ்க்கை எக்ஸ்எம்எல்லாக ஏற்றுமதி செய்து, 'ப்ரயாரிட்டி' வரியில் 7-ஐ 5 (நார்மல்) ஆக்கி, பழையதை அழித்துவிட்டு இறக்குமதி செய்ய வேண்டும். இவ்வளவு முக்கியமானதை இப்படி ஒளித்து வைத்ததற்கே மதிப்பெண் குறைக்கலாம்.

மேக்ஓஎஸில் சர்வீஸ்களைக் கிளப்பும் லாஞ்ச்டியின் ப்ளிஸ்ட் அமைப்புக் கோப்பில் 'நைஸ்' உண்டு, ஆனால் அதைவிட 'ப்ராசஸ்டைப்' முக்கியம். 'பேக்கிரவுண்ட்' என்றிருந்தால் சிபியுவும் டிஸ்க்கும் சேர்ந்தே முடக்கப்படும். எதுவும் எழுதாமல் விட்டாலும் லேசான கட்டுப்பாடு உண்டு. 'இன்டராக்டிவ்' போட்டால் நீங்கும்.