ஃபயர்பிளேஸ் நெருப்பில் வீடு முழுக்கச் சூடு: ஊட்டிப் பட்டறையில் செய்த ரேடியேட்டர் எப்படி இருக்கிறது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை நன்றாக வந்திருக்கிறது. ஆனால் பட்டறைக்காரர்கள் போக்கில் விட்டிருந்தால் இப்படி வந்திருக்காது.

ஊட்டியில் பழைய ஓட்டு வீடு எங்களுடையது. ஹாலில் வெள்ளைக்காரர் காலத்து ஃபயர்பிளேஸ் ஒன்று இருக்கிறது. இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேயாக விடுகிறோம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் வருகிற விருந்தினர் கட்டிலைப் பார்ப்பதற்கு முன்பே "ஹீட்டர் இருக்கா?" என்றுதான் கேட்பார். ஆயில் ஹீட்டர் வைத்துப் பார்த்தோம். 2,000 வாட் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருந்தால் மணிக்கு இரண்டு யூனிட். அறைக்கு ஒன்று என்றால் பில்லை நீங்களே போட்டுப் பாருங்கள். மழை, காற்று என்றால் கரண்டும் போய்விடும். ஹால் நெருப்போ முன்னால் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் சூடு தரும். மிச்சச் சூடு பெரும்பாலும் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது, போகும்போது அறைக்காற்றையும் இழுத்துக்கொண்டு.

அதனால் நெருப்புக்குப் பின்னால் தண்ணீர்ப் பெட்டி வைத்து, அந்த வெந்நீரை அறைகளில் வைக்கும் ரேடியேட்டர்களுக்கு (வெந்நீர் ஓடி அறைக்குச் சூடு விடும் குழாய்ச் சட்டம்) சுற்றவிடலாம் என்று முடிவு செய்தோம். ஐரோப்பாவில் குளிர்நாட்டு வீடுகளில் இது பழைய வழக்கம். என் வீட்டுக்காரர் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் (வெடிமருந்து ஆலை) பாய்லர் ஹவுஸில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். படம் அவர் போட்டார், வெல்டிங் உள்ளூர்ப் பட்டறை.

பெட்டி 6 மி.மீ. இரும்புத் தகட்டில் செய்தது. ஃபயர்பிளேஸின் பின்சுவரை ஒட்டி நிற்கிறது. ஃபயர்பிளேஸ் வாய்ப்பகுதிக்கு இரும்புக் கதவும் போட்டாயிற்று. ரேடியேட்டர் என்று வெளிநாட்டுச் சாமான் எதுவும் வாங்கவில்லை. இரண்டு அங்குலக் குழாய்களை ஏணிப்படி மாதிரி வெல்டு வைத்துச் சுவரோரம் நிறுத்தியிருக்கிறார்கள். வெல்டிங் தையல் சுத்தம், இதுவரை ஓரிடத்திலும் கசிவில்லை. அதற்கு முழு மார்க். ஆனால் பளபளவென்று இருக்கட்டும் என்று சில்வர் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தார்கள். அலுமினியப் பொடி கலந்த அந்தப் பெயிண்ட் சூட்டை வெளியே விடுவதைக் குறைக்கும். மேலே சாதாரண எனாமல் அடித்தோம். முதல் சில நாள் பெயிண்ட் வாசம் வந்தது, அப்புறம் போய்விட்டது.

பம்பு கிடையாது. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும், அவ்வளவுதான் மோட்டார். இதற்குக் குழாய் தடியாக இருக்க வேண்டும், எங்கும் தொய்வில்லாமல் ஒரே வாட்டமாக ஏற வேண்டும். தொய்வு இருந்தால் அதை ஒட்டிய மேட்டில் காற்று அடைத்துக்கொண்டு ஓட்டம் நின்றுவிடும். பம்பு வைத்தால் மெல்லிய குழாய் போதும், அறையும் சீக்கிரம் சூடாகும், உண்மைதான். ஆனால் கரண்ட் போனால் பம்பு நிற்கும், நெருப்பு நிற்காது. கேஸ் அடுப்பு மாதிரி விறகைத் திருகி அணைக்க முடியாதே.

சண்டை வந்தது இங்கேதான். பெட்டியிலிருந்து ஒரு குழாய் பரணில் இருக்கும் திறந்த தொட்டிக்கு மேலே போய் வளைந்து நிற்கிறது. தண்ணீர் கொதித்தால் ஆவி போக வழி அதுதான். மாட்ட வந்த பையன் அந்தக் குழாயின் நடுவில் பித்தளை கேட் வால்வு ஒன்றைப் போட்டிருந்தான். என் வீட்டுக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எதுக்கு?" என்றார்.

"லீக் வந்தா மூடிக்கலாம்னு வெச்சேன் சார்."

"இதை மூடினா இது பாய்லர் இல்லப்பா, குண்டு."

தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அதுவும் ஊட்டி 2,240 மீட்டர் உயரம், திறந்த தொட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதும் இதே காரணத்தால்தான். வால்வை அன்றைக்கே அறுத்து எடுக்கச் சொல்லிவிட்டார். பட்டறை முதலாளிக்கு முகம் சுருங்கியது, ஆனாலும் கூலி கேட்காமல் செய்து கொடுத்தார். நடைவழியில் இருக்கும் ரேடியேட்டருக்கும் வால்வே இல்லை. அறைகளில் யாராவது எல்லா வால்வையும் மூடிவிட்டுத் தூங்கினாலும் சூடு அங்கே போய் இறங்கும்.

சரி, சூடு எப்படி? ஹாலை ஒட்டிய அறை அருமை. அடுத்த அறை பரவாயில்லை. கடைசியில் இருக்கும் எங்கள் அறைக்கு வருவது வெதுவெதுப்புதான், கம்பளி வேண்டும். நெருப்பு மூட்டி ஒரு மணி நேரமாவது ஆகாமல் எதுவும் தெரியாது. ஆனால் தணல் ஆறின பிறகும் இரும்பும் தண்ணீரும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன. அது ஆயில் ஹீட்டரில் கிடைக்காத சுகம்.

விறகு விஷயத்தில் கறாராக இருங்கள். நாங்கள் எரிப்பது கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்). இரண்டு பருவமழையும் பார்க்கிற ஊர் இது. பிளந்து, கூரைக்கடியில் காற்றோட்டமாக ஒரு வருஷம் அடுக்கி வைத்தால்தான் சரியாகக் காயும். ஈர விறகு போட்டால் தண்ணீர்ப் பெட்டியின் குளிர்ந்த தகட்டில் புகை படிந்து தாராகிவிடும், புகைபோக்கியும் அடைக்கும். புகைபோக்கியைச் சுத்தம் செய்யாமல் கதவை மூடி எரிக்கவே கூடாது. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கி இறந்தவர்கள் செய்தி மலையில் அவ்வப்போது வருகிறது. அதே விஷவாயுதான் (கார்பன் மோனாக்சைடு) இங்கேயும்.

பராமரிப்பு குறைவு. ரேடியேட்டர் மேல்பாகம் குளிர்ந்து கிடந்தால் காற்றுத் திருகைத் தளர்த்தி, தண்ணீர் சொட்டும்வரை விட்டு முறுக்கினால் போதும். கறுப்பாகத்தான் வரும், பயந்துபோய் எல்லாத் தண்ணீரையும் மாற்றாதீர்கள். புதுத் தண்ணீர் புது ஆக்சிஜனைக் கொண்டுவரும், துரு அதில்தான் ஏறும்.

எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது, பாதிக்கு மேல் குழாய்க்கும் இரும்புக்கும். தினமும் எப்படியும் விறகு எரிக்கிற வீடென்றால் செய்யலாம். வாரக்கடைசிக்கு மட்டும் வந்துபோகிறவர்கள் ஆயில் ஹீட்டரே வாங்கிக்கொள்ளுங்கள். பட்டறைக்கு ஐந்துக்கு மூன்றரை ஸ்டார்: வெல்டிங்குக்காக மூன்று, அறுத்த வால்வுக்குக் கூலி கேட்காததற்கு அரை.